ரோட்டிடம் மன்னிப்புக் கேட்டவர்

எங்கள் ஊரில் மாமா ஒருவர் இருந்தார். ரோட்டிடம் மன்னிப்புக் கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டார்.

விடிந்ததும் குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டிக்கு முன்னால் போய்க் குனிவார். தார் ரோட்டை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "மன்னிச்சுக்க ஆத்தா, உம்மேல இத்தன பாரத்த ஏத்தறேன்" என்பார். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருகுவார். மழைக்காலத்தில் தொடுவதற்கு ரோடு இருக்காது, குழியும் சேறும்தான் இருக்கும். அதையும் தொடுவார். சேறான கையை வேட்டியில் துடைத்துவிட்டு, வேட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்வாரோ என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் என்னமோ தானே தன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டதுபோல் அதற்கும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்பார். மலைமேல் வளப்பூர் நாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமாதான். இப்போது மலையை விட்டு இறங்கி, கீழே மகள் வீட்டில் இருக்கிறார்.

மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாய்க்கும்போது மரத்திடம் கேட்பார். பலாப்பழத்தைப் பிளக்கும்போது கத்தியை வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பார். அந்த நேரத்தில் அவர் உதடு அசைவதைப் பார்த்தால், பழத்துக்கு நாக்கு ஊறிக்கொண்டு நிற்கிற நமக்கு எரிச்சலாக வரும். ஊரில் மழை பொய்த்தால் "நான் என்ன தப்புப் பண்ணுனனோ" என்பார். யாருடைய மாடு செத்தாலும் அதே பேச்சுதான். எல்லாம் தன்னால்தான் என்று நினைக்க ஒரு மனுசனுக்கு எவ்வளவு மண்டைக்கனம் வேண்டும் என்று என் அப்பா கிண்டல் செய்வார். மாமாவின் மனைவி, எங்களுக்கு அத்தை, இன்னும் ஒருபடி மேலே போவார்.

"இந்த மலையில உங்க மாமன் மன்னிப்புக் கேக்காத ஒரே சீவன் நான்தான் கண்ணு. கொழம்புல உப்பு இல்லீன்னு ஊடே அதிரக் கத்துவாரு. அப்பறம் போயி அடுப்புகிட்டக் கேப்பாரு."

பயந்த சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள். மலை ரோட்டு வளைவில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி என்று, இறங்கி வந்த பஸ் டிரைவரோடு நடுரோட்டில் மல்லுக்கு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பஸ் பின்னால் போன பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தம் போட்டுட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அந்த டிரைவருக்கு இன்னும் ஒரு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியிருக்கும்.

நாங்கள் பத்து, பதினொன்று படித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் ஊரில் செல்போன் டவர் கிடைத்த ஒரே இடம் மாரியம்மன் கோயில் மேடு. பள்ளிக்கூடம் விட்டு செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், பையை வீட்டில் எறிந்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுவோம். அம்மா அப்பாக்களுக்குப் பெருமை தாங்காது. என்ன பக்தி பாரு இந்தப் பிள்ளைகளுக்கு என்பார்கள். நாங்கள் அம்மனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருப்போம்.

மாமா லோடு இறக்கிவிட்டு வந்து வாசலைக் கூட்டுவார். ஒரு நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் குந்தினார்.

"ஏனுங் கண்ணுகளா, தெனமும் இவ ஊட்டு வாசல்ல வந்து உக்காந்து யார் யாருகிட்டயோ பேசறீங்க. ஊட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டீங்களா? அவளுக்குத்தான் எப்படி இருக்கும்?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அன்றைக்கு எல்லோரும் திரும்பி உட்கார்ந்தோம். அவ்வளவுதான், அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் எங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தரவில்லை. புராணக் கதை ஒன்றும் அவருக்கு முழுசாகத் தெரியாது. கூட்டுவது, விளக்கு வைப்பது, அன்றைக்குச் செய்த தப்பை அம்மனிடம் சொல்வது, இந்த மூன்றுதான். சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, மனசுக்குள் சொன்னால் போதும். தனியாகச் சொல்லத் தோன்றினால் ஒரு கற்பூரம் ஏற்றிக்கொள்ளலாம்.

"தப்புப் பண்ணுனா அவளுக்குக் கோவம் வராது சாமி. அவளுக்குத் தெரியாத தப்பா? நாள் தள்ளிச் சொன்னாத்தான் வருத்தப்படுவா. அன்னிக்குப் பண்ணுனத அன்னிக்கே சொல்லீரோணும்."

இந்த ஒன்று எங்களுக்குப் பிடித்துப்போனது. பதினாறு வயதில் மனசு முழுக்க யாரிடமும் சொல்ல முடியாத சாமான்கள்தான் கிடக்கின்றன. அம்மாவிடம் சொன்னால் அடி, தோழியிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். திட்டாமல் கேட்டுக்கொள்ள ஒருத்தி கல்லாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த வயதைத் தாண்டியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான் அந்த வாசலில் அழுதிருக்கிறேன். எழுந்து போகும்போது உடம்பே லேசாக இருந்திருக்கிறது. சாமி உண்டா இல்லையா என்று யாராவது என்னிடம் வாதாட வந்தால், எனக்கு அந்த லேசைத்தான் சொல்லத் தெரியும்.

ஆனால் நாங்கள் எதையும் அளவாகச் செய்கிற கூட்டம் இல்லையே. கொஞ்ச நாளில் நாங்களும் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தோம். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கீழ் நாட்டிலிருந்து புதிதாக வந்த சார், யார் உடைத்தது என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து "என் தப்புங்க சார்" என்றோம். ஒருத்தி அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே தாமதமாக வந்தவள். சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு கண்ணாடிய உடைக்க எத்தனை பேருடா போவீங்க? போங்க, உக்காருங்க" என்றார். கடைசிவரை யார் உடைத்தது என்று அவருக்குத் தெரியவே இல்லை. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சந்தோசப்பட்டார். எனக்கும் அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது.

வருசத்துக்கு ஒருமுறை பங்குனி நோன்புக்குக் காப்புக் கட்டியதும், காவிரித் தீர்த்தம் எடுத்து வர எங்களை மாமாதான் கூட்டிப் போவார். தீர்த்தம் எடுக்கிற பிள்ளைகள் காப்புக் கட்டிய நாளிலிருந்து கறி, முட்டை தொடக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மாமாவும் செருப்பில்லாமல்தான் வண்டி ஓட்டுவார். ஒரு காலத்தில் பீடியை வாயிலிருந்து எடுக்காதவராம். தீர்த்தம் ஏற்றுகிற வண்டியில் பீடி நாற்றம் கூடாது என்று, முதல் வருசம் எங்களுக்கு முந்திய பிள்ளைகளைக் கூட்டிப் போனபோதே பீடிக்கட்டைத் தூக்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தொட்டதில்லை. வேறு யாருடைய அப்பாவாவது பீடி குடித்தால், "எங்க மாமா ஆத்தாளுக்குச் சொல்லி நிறுத்திட்டாரு, உங்களால முடியாதா?" என்று நாங்கள் கேட்போம்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் எங்களை நிறுத்திவிட்டு, முதலில் அவர் முங்கி எழுந்து, "உன்ற தண்ணிய உன்னயக் கேக்காம எடுக்கறம், மன்னிச்சுக்க" என்பார். பிறகு குடங்களை நிரப்புவோம். திரும்பி வரும்போது அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஆளுக்கொரு குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொள்வோம். வளைவுக்கு வளைவு ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்வோம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, பங்காளிச் சண்டை, எதுவும் அப்போது ஞாபகம் வராது. தண்ணீர் தளும்பக்கூடாது, அது ஒன்றுதான். மேலே வந்து சேரும்போது மாமாவின் முகம் எங்களைவிடச் சின்னப் பிள்ளையாக ஆகியிருக்கும். வருசம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் வண்டி ஓட்டினார் என்று நினைக்கிறேன்.

நான் பதினொன்று படித்த வருசம், காப்புக் கட்டிய பிறகு ஒரு நாள், நானும் பூங்கொடியும் செம்மேட்டில் முட்டை பப்ஸ் தின்றோம்.

சிரிக்காதீர்கள். பேக்கரியில் சூடாக எடுத்து வைத்தார்கள், பசி, விரதம் என்பது ஞாபகம் வந்தபோது பாதி உள்ளே போயிருந்தது. மீதியையும் தின்றுவிட்டோம். பஸ்ஸில் ஏறியதும் பூங்கொடி அழத் தொடங்கினாள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போனால் பூசாரி இருப்பார், மாமா இருப்பார், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஊருக்கு முன்னாலேயே இறங்கி, கோயில்காட்டு எல்லையில் இருக்கிற அம்மன் கல்லுக்குப் போனோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கற்பூரம் ஏற்றிச் சொன்னோம். சொன்னதும் மனசு லேசானது. லேசான மனசோடு ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கோயில்காட்டில் அரிவாள் படக்கூடாது. விழுந்த கிளையைக்கூட அடுப்புக்கு எடுக்கமாட்டோம். அதனால் அங்கே உதிர்ந்த சருகெல்லாம் முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடக்கும். பங்குனிக் காற்று வேறு. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் கூச்சல் கேட்டது.

ஊரே தீயை அடிக்கப் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடியது. ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் உள்ளே போனவர் மாமாதான். இருட்டுவதற்குள் அணைத்துவிட்டார்கள். ஆளுக்குச் சேதம் இல்லை. ஆனால் காட்டில் பாதி கருகிப்போயிற்று. தேன்கூடு கட்டுகிற பெரிய நாவல் மரம் ஒரு பக்கம் முழுக்க வெந்துவிட்டது. மாமாவின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்திருந்தன.

மறுநாள் காலை கோயில் வாசலில் ஊர் கூடியது. கோயில்காட்டுக்குத் தீ வைத்தது யார் என்று தெரியாமல் நோன்பு நடத்த முடியாது. எங்கள் ஊரில் பழைய கட்டுப்பாடு ஒன்று உண்டு. அந்தக் காட்டுக்குக் கேடு செய்தவர் குடும்பத்தோடு ஒரு வருசம் ஒதுங்கியிருக்க வேண்டும், நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வீட்டுப் படியேற மாட்டார்கள். கோயிலுக்காகவே உழைக்கிறவர் என்றால் தண்டனை அவரோடு போகும், வீட்டைத் தொடாது. எங்கள் வீட்டில் அக்காவுக்குச் சித்திரையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஊர்க்கவுண்டர் பேசி முடிப்பதற்குள் மாமா முன்னால் வந்து, துணி சுற்றிய கைகளோடு அம்மனைப் பார்த்து விழுந்தார்.

"என்ற தப்பு ஆத்தா. மன்னிச்சுக்க."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தேவிட்டார்கள். கவுண்டருக்கும் பொறுமை போனது.

"எந்திரிப்பா. நீ வழக்கமாச் சொல்றதச் சொல்றயா, இல்ல நெசமாவே சொல்றயா? அதச் சொல்லு மொதல்ல."

மாமா எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அம்மாவைத் தாண்டி முன்னால் வந்துவிட்டேன்.

"நாங்கதானுங்க. நானும் பூங்கொடியும். கற்பூரம் ஏத்துனோம்."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில் கோபமே இல்லை, என் அக்காவின் கல்யாணம்தான் இருந்தது. கவுண்டர் மாமாவிடம் திரும்பினார்.

"என்னப்பா? பிள்ளைங்க சொல்றது நெசமா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் அப்பாவைப் பார்த்தார். அம்மன் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"இல்லீங்க. எனக்காகச் சொல்லுதுங்க. நான்தான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கறேன். பீடிங்க. மறுபடியும் புடிக்க ஆரம்பிச்சுட்டனுங்க. வண்டிய நிறுத்திட்டுக் காட்டோரம் குடிச்சேன், அணைக்காம போட்டுட்டேன்."

கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. தீயைவிட அந்தப் பீடிதான் அவர்களை அதிகம் சுட்டது. அம்மன் காலடியில் வைத்ததை மறுபடி எடுத்தவனா எங்கள் பிள்ளைகளுக்குச் சாமி கும்பிடச் சொல்லிக் கொடுத்தான் என்று ஒரு பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நான் மறுபடியும் "இல்லீங்க, நாங்கதான்" என்றேன். இந்த முறை என் சத்தம் குறைந்திருந்தது. பூங்கொடியும் அழுதுகொண்டே சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சாரைப்போல் கவுண்டரும் கையை ஆட்டினார். "போங்க கண்ணு, போயி உக்காருங்க. நீங்க எதுக்குத்தான் உங்க தப்புன்னு சொல்லல?" என்றார்.

பொய் சொன்னது அவர். நாங்கள் சொன்னதுதான் உண்மை. அவர் சொன்னதை நம்பினார்கள்.

ஒரு வருசம் மாமா கோயில் படி ஏறக்கூடாது, தீர்த்தத்துக்கு வண்டி எடுக்கக்கூடாது என்று முடிவானது. அந்த வருசம் தீர்த்தம் வேறு வண்டியில் வந்தது. ஸ்பீக்கர் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் சாயங்காலக் கூட்டம் கலைந்துபோயிற்று. பீடியையே விட முடியாத ஆள் சொன்னதைக் கேட்டு நாமும் ஆடினோமே என்று பையன்கள் சொன்னார்கள். ஒருத்தன் கோயிலுக்கே வருவதை நிறுத்திவிட்டான். அவன் எங்கள் எல்லோரையும்விட உண்மையாகக் கும்பிட்டவன். அடுத்த ஆடியில் வேறு மேட்டிலும் டவர் வந்துவிட்டது. அம்மன் வாசலில் யாரும் உட்காரவில்லை.

அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் மூங்கிலும் பாத்திரமும் மாமாவின் வண்டியில்தான் வந்தன. அப்பா எவ்வளவு கூப்பிட்டும் அவர் உள்ளே வந்து சாப்பிடவில்லை. வாசலோடு பாத்திரங்களை இறக்கினார். திரும்பிப் போகும்போது நேராக வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். ரோட்டைத் தொடவில்லை. கைப்புண் ஆறாததால் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

புண் ஆறியது. அதற்குப் பிறகும் அவர் தொடவில்லை. மரத்திடம் கேட்கவில்லை, மாடு செத்தால் துக்கம் மட்டும் விசாரித்தார். வருசம் முடிந்ததும் கவுண்டரே ஆள் அனுப்பி, முடிந்தது முடிந்துவிட்டது, கோயிலுக்கு வாப்பா என்று கூப்பிட்டார். "ஆகட்டுங்க" என்றாராம். போகவில்லை. அடுத்த வருசமும் போகவில்லை. வீம்பு என்று ஊர் சொன்னது. நான் நாமக்கல்லில் படித்து, அங்கேயே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். நோன்புக்கு மலைக்கு வரும்போதெல்லாம், தூரத்தில் அவர் வண்டியைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பங்குனி மதியம் செம்மேட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன். பக்கத்தில் வண்டி வந்து நின்றது.

"ஏறு கண்ணு. நோன்புக்கா?"

ஏறிக்கொண்டேன். முதல் வளைவு தாண்டியதும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பப்ஸ், கற்பூரம், அப்பாவின் முகம், எல்லாம். மன்னிச்சுக்குங்க மாமா என்றேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் சாமி. நீங்க ரெண்டு பேரும் காட்டுல இருந்து ஓடுனத ரோட்டுல இருந்தே பாத்தேன். கற்பூரம் ஏத்தச் சொன்னது நானு. சருகக் கூட்டிட்டு ஏத்துங்கன்னு சொல்லலியே. என்ற தப்புன்னு ஆத்தாகிட்டச் சொன்னது வழக்கத்துக்குச் சொன்னது இல்ல, நெசமாலுமே சொன்னேன்."

"அப்பறம் ஏன் மாமா கோயலுக்கு வாரதில்லீங்க? ஒரு வருசந்தானுங்களே சொன்னாங்க?"

"ஊரு ஒரு வருசந்தான் சொல்லுச்சு." வளைவில் வண்டியைத் திருப்பினார். "பீடின்னு சொன்னனில்ல. அவ வாசல்ல நின்னுட்டுச் சொன்ன பொய்யி அது. அதுக்கு மன்னிப்புக் கேக்கோணும். தெனமும் கேக்கப் பாக்கறேன் கண்ணு, மனசு வரமாட்டேங்குது. நாளைக்கே திருப்பி அந்த எடத்துல நிறுத்துனாலும் அதயேதான் சொல்லுவேன். மனசு வராம வாயில கேட்டா அது இன்னொரு பொய்யில்ல? அத மடியில வெச்சுக்கிட்டு ரோட்டுகிட்டயும் மரத்துகிட்டயும் மட்டும் கேட்டா, ரோடே என்னயப் பாத்துச் சிரிக்கும்."

நான் அழுதேன். ஊர் ஒதுக்கியதால் அவர் கோயிலை விட்டார் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். அது இல்லை. எங்களுக்காகச் சொன்ன ஒரு பொய்யால் அவருக்கு அவருடைய அம்மனே இல்லாமல் போயிருக்கிறாள்.

"நான் போயிக் கேக்கறனுங்க மாமா. உங்களுக்காக நான் கேக்கறேன்."

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். தீர்த்தம் ஏற்றி வந்து சேரும் நாளில் பார்த்த அதே முகம்.

"கேக்கறயா? அப்ப ஒண்ணு பண்ணு. பூ வெச்சுக் கேளு. வலப்பக்கம் உளுந்தா நான் மேல வாரேன்."

அம்மன் உச்சியில் பூ வைத்து உத்தரவு கேட்பது எங்கள் ஊர் வழக்கம். மனசுக்குள் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

கோயில் படிக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். நான் மேலே போனேன். பூசாரி பூவை வைத்துவிட்டுக் கேட்டுக்க கண்ணு என்று ஒதுங்கினார். கண்ணை மூடினேன். மாமா சொன்ன பொய்யை மன்னிச்சுக்க ஆத்தா என்று ஒரு வரிதான் சொல்ல வேண்டும். பின்னால் அக்காவின் பிள்ளைகள் இரண்டும் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அக்கா, "உளுந்துராதீங்க, உளுந்துராதீங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அவர் அந்தப் பொய்யைச் சொல்லியிராவிட்டால் இந்தக் குரல் இங்கே இருந்திருக்காது, இந்தப் பிள்ளைகள் இருந்திருக்கமாட்டார்கள். அவர் பீடி என்று சொன்ன நொடியில் என் உடம்பு முழுக்க நிம்மதி பரவியது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அவருக்காக வருத்தப்பட்டிருக்கிறேன், என்னை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். நல்லவேளையாக அந்தப் பொய்யைச் சொன்னாரே என்றுதான் உள்ளுக்குள் இருந்திருக்கிறது.

மறுபடியும் முயன்றேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது பூ வைத்த இடத்திலேயே இருந்தது. நான் எதையும் கேட்கவில்லையே, அது எப்படி விழும்? இன்னும் கொஞ்சம் நிக்கறயா கண்ணு என்றார் பூசாரி. வேண்டாமுங்க என்று இறங்கிவிட்டேன்.

மாமா வண்டியை விட்டு இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார்.

"எந்தப் பக்கம் கண்ணு?"

"வலப்பக்கமுங்க மாமா."

அவர் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாய்க்குள் ஏதோ சொல்லியபடியே, ஒவ்வொரு படியையும் தொட்டுத் தொட்டு மேலே ஏறினார். அக்காவின் பிள்ளைகள் அவருக்கு வழி விட்டு நின்றன. நான் அவர் பின்னால் போகக் காலை எடுத்தேன். போக முடியவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பங்குனி வந்து போயிற்று. நோன்புக்கு ஊருக்கு வருகிறேன், அந்தப் படிவரைக்கும் போகிறேன். வலப்பக்கம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.